மறுநடவு என்றால் எது? நடவு, பாடுவாசி, மறுதாம்பு, பெயர்த்து நடுதல்: ஒரு சொல் குழப்பம்

#1 – மெய்ப்புத்தாள்

விவசாயிகளுக்கான துண்டறிக்கை ஒன்று திருத்தத்துக்கு வந்திருக்கிறது. எட்டுப் பக்கம். அதில் "மறுநடவு" என்ற சொல் நான்கு வேலைக்கு வருகிறது. வெள்ளத்தில் அழுகிய நெல்லுக்குப் பதிலாகப் புதிதாக நடுவது ஒன்று. நாற்று பிடிக்காத இடத்தில் ஒன்றிரண்டு குத்து (ஒரே இடத்தில் சேர்த்து ஊன்றும் நாற்று) ஊன்றுவது இரண்டு. கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைய விடுவது மூன்று. சாலை அகலப்படுத்தும்போது மரத்தை வேரோடு எடுத்து வேறிடத்தில் வைப்பது நான்கு. அகராதியில் தேடினால் "மீண்டும் நடுதல்" என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. வயலில் நிற்கிறவர்கள் எதை எப்படிச் சொல்வார்கள்?

#2 – சேடை

நான்கும் நான்கு வேலை. பிரித்துக்கொள்ள எளிய வழி, கன்று புதிதா பழசா, இடம் புதிதா பழசா என்று பார்ப்பதுதான்.

இடம் பழசு, கன்று புதிது என்றால் மறுநடவு. கன்று பழசு, இடம் புதிது என்றால் பெயர்த்து நடுதல். பழைய கட்டையே துளிர்த்து வந்தால் அது மறுதாம்பு. அங்கே யாரும் எதையும் நடவில்லை. பயிர் நிற்கிறது, நடுவே ஓட்டை விழுந்திருக்கிறது, அதை மட்டும் அடைக்கிறோம் என்றால் பாடுவாசி நிரப்புதல்.

உங்கள் அறிக்கையில் முதலாவது மட்டும்தான் மறுநடவு.

#3 – முடிநாற்று

சேடை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் விட்டு, பறித்து, வயலில் ஊன்றுவதற்குப் பெயர் வெறும் "நடவு". எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அதுவும் ஓரிடத்தில் இருந்ததை இன்னோரிடத்தில் நடுவதுதான். ஆனாலும் தமிழில் அதற்கு "மறு" ஒட்டுவதில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபிறகு "நெல் மறுநடவு இயந்திரம்" என்று கண்ணில் படுகிறது. அது நடவு இயந்திரம், அவ்வளவுதான். பறித்த நாற்றைக் கட்டுகிற "முடி"கூட இன்று நேற்று வந்த சொல் இல்லை. பெரும்பாணாற்றுப்படையிலேயே "முடி நாறு" இருக்கிறது.

#4 – மெய்ப்புத்தாள்

நன்றி. பாடுவாசிக்கும் மறுநடவுக்கும் எல்லை எங்கே? பாதி வயல் போய்விட்டால் எந்தச் சொல்?

#5 – சேடை

நெல்லில் பாடுவாசிக்குக் காலம் உண்டு: நட்ட 7-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள். அதற்கு முன் பார்த்தால் எது பிடித்தது, எது போனது என்று தெரியாது. நட்ட அதிர்ச்சியில் எல்லா நாற்றுமே வெளிறித்தான் நிற்கும். 10 நாளைத் தாண்டினால் பக்கத்துக் குத்து தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டு விட, தொடங்கிவிடும். புதிதாக ஊன்றியது நிழலில் மாட்டி, பின்தங்கிப் பூத்து, அறுவடையில் பச்சை மணியாக வந்து சேரும். நெல் விற்கும்போது ஈரப்பதத் தகராறு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரப்புவதற்கான நாற்று அதே நாற்றங்காலிலிருந்து, அதே வயதில் இருக்க வேண்டும். நடவன்றே நாலைந்து முடியை வயல் மூலையில் நெருக்கமாக ஊன்றி வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

எத்தனை ஓட்டை விழுந்தால் கவலைப்பட வேண்டும் என்பது இடைவெளியைப் பொறுத்தது. 20 × 10 செ.மீ. நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்து. அதில் மூன்று போனால் பக்கத்துக் குத்துகள் தூர் விட்டு ஈடுகட்டிவிடும். திருந்திய நெல் சாகுபடியில் 25 × 25, சதுர மீட்டருக்கு 16 குத்துதான், அதுவும் ஒற்றை நாற்று. அங்கே மூன்று போனால் ஐந்தில் ஒரு பங்கு போனது மாதிரி. ஒற்றை நாற்று நட்டவர் பாடுவாசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சதுர மீட்டருக்கு 50 இருக்க வேண்டிய இடத்தில் 25-க்கும் கீழே போய், அதுவும் வயல் முழுக்கப் பரவலாகப் போயிருந்தால், என் கணக்கில் அது மறுநடவு. திட்டுத்திட்டாகப் போயிருந்தால் அந்தத் திட்டை மட்டும் நடலாம். கூலியிலும் இரண்டும் வேறு. நடவு பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், பாடுவாசி நாள்கூலி. ஒன்றை மற்றொன்றாக எழுதினால் கரையிலேயே சண்டை வரும்.

#6 – வாய்க்கால் தலைப்பு

வெள்ளம் வடிந்த மறுநாளே "எல்லாம் போச்சு" என்று உழுதுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் அறிக்கையில் எழுதுங்கள். தண்ணீர் வடிந்தபின் இலை சேறு படிந்து பழுப்பாகத்தான் தெரியும். பத்திருபது இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி அடித்தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடித்தால் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் ஐந்தாறு நாள் பொறுங்கள். நடுக்குருத்திலிருந்து புது இலை வருகிறதா என்று தெரிந்துவிடும். சி.ஆர். 1009 சப் 1 மாதிரி மூழ்கலைத் தாங்கும் ரகம் என்றால் பொறுத்துப் பார்ப்பதற்கு இன்னும் நியாயம் உண்டு. சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரக்கூடியது அது.

மறுநடவுக்கு நாற்று இல்லாதபோது செய்கிற ஒரு வேலை இருக்கிறது, பெயர் தெரியாமலே பலரும் செய்வார்கள். தப்பிப் பிழைத்த மேட்டுப் பக்கத்தில் நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பெயர்த்து, இரண்டாக மூன்றாகப் பிரித்து, பள்ளத்தில் ஊன்றுவது. குத்துக் கலைத்து நடுதல் என்பார்கள். வேர் அறாமல் மண்ணோடு எடுக்க வேண்டும். தூர் கட்டும் பருவம் வரைதான் இது சரிப்படும். கதிர்க்குருத்து உருவான பிறகு கலைத்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும்.

#7 – மெய்ப்புத்தாள்

மறுநடவுக்கு எந்த ரகம் என்று அறிக்கையில் "குறுகிய கால ரகங்களைப் பயன்படுத்தவும்" என ஒற்றை வரிதான் இருக்கிறது. போதுமா?

#8 – வாய்க்கால் தலைப்பு

காரணத்தைச் சேர்த்தால்தான் வரிக்கு உயிர் வரும். காவிரிப் பாசனத்தில் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். நவம்பர் 15-இல் மறுநடவு செய்கிறீர்கள், கையில் இருப்பது கோ 51 மாதிரி 110 நாள் ரகம், 20 நாள் நாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் 90 நாள். அறுவடை பிப்ரவரி 13 வாக்கில். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நீரை நிறுத்தலாம் என்றாலும் பிப்ரவரி 3 வரை ஈரம் வேண்டும். குறுகிய கால ரகத்துக்கே ஆற்றுத் தண்ணீர் ஒரு வாரம் குறைகிறது. இதே தேதியில் 150 நாள் ரகத்தை நட்டால் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். பம்புசெட் இருக்கிறவருக்கு வேறு கணக்கு.

இன்னொன்று: மறுநடவு நேரத்தில் கிடைக்கிற நாற்று பெரும்பாலும் முற்றினது. குறுகிய கால ரகத்துக்கு 18–22 நாள், மத்திய காலத்துக்கு 25–30 நாள் என்பதுதான் முறை. அதைத் தாண்டிய நாற்று தூர் குறைவாகவே விடும். குத்துக்கு 2–3 என்பதை 4–5 ஆக்கி, இடைவெளியையும் 15 × 10-க்குச் சுருக்கினால் ஓரளவு ஈடாகும். நுனி கிள்ளி நட்டால் தண்டுத்துளைப்பான் முட்டைக் குவியலும் சேர்ந்து போகும். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் இருக்கிற வட்டாரத்தில் கிள்ளக் கூடாது, அந்த வெட்டுக் காயம் வழியாகத்தான் அது உள்ளே போகும்.

#9 – தோகை

கரும்புக்கு வருகிறேன். "கரும்பு மறுநடவு" என்று மறுதாம்பைச் சொன்னால் ஆலையில் ஆளைக் குழப்பிவிடுவீர்கள். முதல் நடவுக் கரும்பு ஒன்று, அதன் கட்டையில் வருவது மறுதாம்பு. கட்டைக் கரும்பு என்றும் சொல்வார்கள். இரண்டு மறுதாம்பு எடுத்துவிட்டுக் கட்டையை உழுது எறிந்து, மாற்றுப் பயிர் வைத்து, மறுபடி கரணை (நடுவதற்கான கரும்புத் துண்டு) வைத்தால் அதுதான் கரும்பில் மறுநடவு.

மறுதாம்புக்குள்ளேயும் பாடுவாசி உண்டு என்பதுதான் வேடிக்கை. வெட்டி முடித்த ஒரு வாரத்துக்குள் கூர்மையான மண்வெட்டியால் கட்டையைத் தரைமட்டத்துக்குச் சீவ வேண்டும். மேலே நீட்டி விட்டால் மேல்கணுவில் முளைத்து, வேர் மண்ணைத் தொடாமல், காற்றுக்குச் சாயும். சீவியபின் ஒன்றரை அடிக்கு மேல் வெறுமையாக இருக்கிற இடம் எல்லாம் பாடுவாசி. அங்கே புதுக் கரணை வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டை வேகமாக ஏறி அதை மூடிவிடும். ஒரு மாதம் முன்னதாகவே பையில் வளர்த்த நாற்றையோ, அதே வயலில் நெருக்கமாக இருக்கிற கட்டையை வேரோடு பிளந்தோ வைக்க வேண்டும். தழைச்சத்தும் நடவுப் பயிருக்குக் கொடுப்பதைவிட 25 சதவீதம் கூடுதல். பழைய வேர் செத்துக்கொண்டும் புது வேர் வந்துகொண்டும் இருக்கிற நேரம் அது.

செவ்வழுகல் நோய் கண்ட வயலில் மறுதாம்பே கூடாது. அங்கே கட்டையை எடுத்து நெல் வைத்துவிட்டு, பிறகு சுத்தமான விதைக்கரணையில் மறுநடவு.

#10 – தாள்

நெல்லில் இன்னொரு சொல்லை மறந்துவிட்டீர்கள்: தாளடி. குறுவை (முதல் போக நெல்) அறுத்த தாள் நிற்கிற வயலில் அடுத்து நடுவதால் அந்தப் பெயர். "இடம் பழசு, கன்று புதிது" என்ற சேடையின் இலக்கணப்படி அதுவும் மறுநடவுதானே?

#11 – சேடை

மாட்டிவிட்டீர்கள். இலக்கணத்தைத் திருத்திக்கொள்கிறேன். தாளடி அடுத்த போகம். குறுவை தன் காலத்தை முடித்து வீட்டுக்கு வந்துவிட்டது. முடிக்க வேண்டியதை முடிக்காமல் போனதற்கு ஈடாக நட்டாலும், பல ஆண்டு நின்று கிழடானதை எடுத்துவிட்டு அதே பயிரை நட்டாலும்தான் மறுநடவு. ஒவ்வொரு போகத்தையும் மறுநடவு என்றால் உலகத்தில் நடவே இருக்காது.

#12 – கொழுந்து மலை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தேயிலைக்கு "மீள்நடுகை" என்பதுதான் வழக்கு. தேயிலை இல்லாத நிலத்தில் வைத்தால் "புதுநடுகை". மானியப் படிவத்தில் இரண்டும் தனித்தனி, குழப்ப முடியாது. இடையில் செத்த செடிக்குப் பதில் வைப்பதைத் தாளில் "வெற்றிட நிரப்பல்" என்று எழுதுவோம், மலையில் வாயில் வருவது "இன்ஃபிலிங்".

மீள்நடுகை என்றதும் கன்று வைப்பதை நினைக்காதீர்கள். அது கடைசி வேலை. பழைய செடியை வேரோடு பிடுங்க வேண்டும். அறுந்து மண்ணில் தங்கிய வேர்த்துண்டிலிருந்துதான் வேர் நோய் புதுக் கன்றுக்கு ஏறும். பிறகு குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு 18 முதல் 24 மாதம் நிலத்தை ஆற விட வேண்டும். புல் வளர வளர வெட்டி அங்கேயே பரப்புவது. நூறு வருடம் ஒரே பயிர் நின்று கெட்டித்துப் போன மண் மறுபடி பொலபொலப்பாவது அதில்தான். அந்த இரண்டு வருடமும் அந்த மலையில் கொழுந்து கிடையாது, வருமானம் கிடையாது. அதனால்தான் பலர் புல்லைச் சுருக்கி ஆறு மாதத்தில் கன்று வைக்கிறார்கள். கன்று முதல் வருடம் பச்சையாகத்தான் நிற்கும், வறட்சி வந்ததும் வரிசையாகக் காயும்.

பிறகு கான் (வடிகால்) வெட்டி, சமமட்டக் கோட்டில் 4 அடிக்கு 2 அடி முளை அடித்து, ஒன்றரை அடி ஆழம் முக்கால் அடி அகலத்தில் குழி. ஹெக்டேருக்குச் சுமார் 13,000 கன்று. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த ரகங்களை வெட்டுத்துண்டில் வளர்த்து வைப்பதுதான் வி.பி. தேயிலை. கன்று வளர்க்கிற இடத்தைத் தோட்டத்தில் தவறணை என்போம். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் கள்ளுக் குடிக்கக் கூப்பிடுகிறோம் என்று வருவார்கள்.

#13 – முடிநாற்று

"மீள்" நல்ல சொல்தான். ஆனால் "மீள்" என்றால் திரும்பி வருவது. மீள்குடியேற்றம், மீள்வருகை. தேயிலை அதே மலைக்குத் திரும்பி வருவதால் அங்கே பொருந்துகிறது. இந்தப் பக்கம் "மறு" ஓடுகிறது: மறுமணம், மறுகூட்டல், மறுவாக்குப்பதிவு. முதலாவது செல்லாமல் போனதால் இரண்டாவது. எனக்கு இரண்டும் சம்மதமே, ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

#14 – செம்பனைக் காடு

மலேசியாவில் ரப்பருக்கும் செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனை) மறுநடவு என்றே எழுதுகிறோம். செம்பனை 25 வயதுக்கு மேல் போனால் குலை எட்டாத உயரம், அதனால் மறுநடவு. சாய்த்த மரத்தை எரிப்பதில்லை, சீவல் சீவலாகச் சிதைத்துப் பரப்புவார்கள். மொத்தையாக விட்டால் அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, வெளிவந்த வண்டு பக்கத்திலேயே இருக்கிற இளங்கன்றின் குருத்தைக் குடையும். மூடுபயிராக முக்குனா என்ற கொடியைப் படரவிட்டால் சிதைந்த தண்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும், வண்டு கண்டுபிடிப்பதும் குறையும்.

#15 – கீற்றுப்பந்தல்

அதே வண்டுதான் தென்னைக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தோப்புகளில் மறுநடவு என்றாலே முதல் வேலை கன்று வாங்குவது இல்லை, சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்துவது. கிடக்க விட்ட ஒவ்வொரு தண்டும் வண்டுக்குத் தொட்டில்.

தென்னையில் இரண்டு விதம். தோப்பே போய்விட்டால் முழு மறுநடவு. 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 கன்று, 3 அடிக் குழி. குழியில் 2 அடி உயரத்துக்குத் தொழுஉரம், செம்மண், மணல் கலவை போட்டு அதன் நடுவில் கன்று. மேல் ஓர் அடியைக் காலியாக விட்டு, கன்று வளர வளர மண் அணைப்பது. முழுக்க மூடி வைத்தால் மரம் பெரிதானதும் வேர்க்கட்டு மண்ணுக்கு மேல் வந்துவிடும். கன்று 9–12 மாதம், கழுத்துச் சுற்றளவு 10 செ.மீ. இருக்க வேண்டும். முதல் கோடைக்குக் கீற்று மறைப்பு.

கிழட்டுத் தோப்பு நிற்கிறது, வருமானத்தையும் ஒரேயடியாக விட முடியாது என்றால் நான்கு பழைய மரத்துக்கு நடுவில் புதுக்குழி எடுத்து வைத்து, பழையதை மூன்று ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது. இதற்கு அடிநடவு என்றொரு சொல் பொருந்தும். தவறு நடப்பது வெட்டுவதில்தான்: காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வராமல் ஐந்தாறு வருடம் விட்டுவிடுவார்கள், கீழே உள்ள கன்று வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டு காய்ப்பு தள்ளிப்போகும்.

தஞ்சாவூர் வாடல் நோய் வந்து போன மரத்தின் குழியிலேயே கன்று வைக்கக் கூடாது. அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து, இடம் தள்ளிக் குழி போட்டு, ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு.

#16 – மெய்ப்புத்தாள்

மரம் பெயர்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. செய்தித்தாள் எல்லாவற்றிலும் "மரங்கள் மறுநடவு செய்யப்பட்டன" என்றுதான் வருகிறது. வழக்காகிவிட்ட சொல்லை மாற்ற வேண்டுமா?

#17 – நிழற்சாலை

மாற்ற வேண்டும். "200 மரங்கள் மறுநடவு" என்று படித்தால் அந்த 200 மரமும் உயிரோடு வேறிடத்தில் நிற்கிறதா, வெட்டிவிட்டு 200 கன்று வைத்தார்களா என்று தெரியாது. அந்த மங்கல் சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது.

மரத்தைப் பெயர்ப்பது சிறிய வேலை இல்லை. தண்டின் விட்டத்தைப்போல் 10 முதல் 12 மடங்கு அகலத்துக்கு வேர்ப்பந்து வேண்டும். ஓரடி விட்டமுள்ள வேம்புக்குப் பத்தடி அகல மண் உருண்டை! நடைமுறையில் ஜே.சி.பி. பல்லால் சுற்றித் தோண்டி, நாலடி உருண்டையோடு கயிறு கட்டித் தூக்கிவிடுகிறார்கள். தண்ணீர் உறிஞ்சுகிற மெல்லிய வேர் அத்தனையும் பழைய இடத்திலேயே போயிற்று. தண்டில் இருக்கிற சேமிப்பில் ஓரிரு மாதம் தளிர் விடும், அதைப் படம் எடுத்து வெற்றி என்று போடுவார்கள். கோடையில் பட்டுவிடும்.

முறை என்றால் சில மாதம் முன்பே ஒரு பக்கம் அகழி வெட்டி வேரை அறுத்து மண்ணால் மூடி, அங்கே புது வேர் வந்தபிறகு அடுத்த பக்கம். கிளையைக் கழித்து, வெட்டில் பூச்சு. எந்தப் பக்கம் தெற்கு பார்த்திருந்தது என்று தண்டில் குறியிட்டு அதே திசையில் நிறுத்த வேண்டும். நிழலிலேயே இருந்த பட்டை வெயிலுக்கு வந்தால் வெடிக்கும். பழைய மண்மட்டத்துக்கு மேல் தண்டை மூடக் கூடாது. ஆலும் அரசும் தாங்கும். பனை தாங்காது. கொட்டை முளைக்கும்போதே கீழ்நோக்கி ஆழமாக இறங்குகிற சாதி அது. கன்றாக எடுத்து வைப்பதே பாடு, அதை கொட்டையாக ஊன்றுவதுதான் சரி.

இதற்குப் "பெயர்த்து நடுதல்" போதும். "மறு" வேண்டாம்.

#18 – மெய்ப்புத்தாள்

இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

"நாற்று பிடிக்காத இடங்களில் உடனே பாடுவாசி நிரப்பவும். பயிர் பெருமளவு அழுகியிருந்தால் மறுநடவு செய்யவும். கரும்பு மறுதாம்பில் ஒன்றரை அடிக்கு மேலான இடைவெளிகளைப் பை நாற்றால் நிரப்பவும். பனை உள்ளிட்ட மரங்களைப் பெயர்த்து நடலாம்."

#19 – சேடை

"உடனே" வேண்டாம், "நட்ட 7 முதல் 10 நாளுக்குள்" என்று போடுங்கள். "பெருமளவு" என்றால் ஆளுக்கு ஓர் அளவு. அடித்தண்டைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னதை அங்கே சேருங்கள்.

#20 – நிழற்சாலை

பனையை எடுங்கள் ஐயா!

#21 – மெய்ப்புத்தாள்

எடுத்துவிட்டேன். "7 முதல் 10 நாளுக்குள்" சேர்த்தாயிற்று. கிள்ளிப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு படம் வேண்டும் என்கிறார்கள்: கெட்டித் தண்டு ஒன்று, அழுகியது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். யாரிடமாவது தெளிவாக இருந்தால் இங்கேயே போடுங்கள்.